கடிவாளப் பத்தி

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் 'ஆய்வு' என்றால் அது ஒரு மனிதர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "ஆய்வாளர்கள் என்ன சொல்றாங்கன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் வந்த பட்டம். வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் கூச்சப்படாமல் தொலைபேசியை எடுத்து, "ஆய்வு பேசறேன்" என்பார். வியாழக்கிழமை ஏழாம் பக்கம் முழுவதும் அவருடையது. வானம், பொருள், உடம்பு என்று மூன்று பகுதி. அந்த வாரம் உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் கண்டுபிடித்ததையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுதுவார். பத்தொன்பது வருடம் ஒரு வாரம்கூட விடவில்லை. அந்தப் பக்கத்துக்குக் கட்டம் போட்டு, படம் பொருத்தி, அச்சுக்கு அனுப்புகிற வேலையைக் கடைசிப் பதினொரு வருடம் நான் செய்தேன். இப்போது நான் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். லென்ஸ் துடைப்பது, பேட்டரி மாற்றுவது, மாணவர்கள் உடைத்த தெர்மாமீட்டரின் பாதரசத்தைத் தாளில் கூட்டி அள்ளுவது, இவைதான் வேலை. கல்லூரியை மூடியதும் எங்கள் பத்திரிகைக்குப் பிழை திருத்துபவராக வந்தார். வந்த இரண்டாம் மாதம், நடுராத்திரியில் மேற்கே அரைநிலா மேலெழும்பியதாக ஒரு நிருபர் உருகி உருகி எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு நேரே ஆசிரியர் அறைக்குப் போய், நிலா மேற்கில் உதிக்காது என்று சொல்லிவிட்டு நின்றார். எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தால் போதும் என்று அந்த நிருபர் எகிறினார். ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் ஒரு மூலை கொடுத்தார். மூலை அரைப் பக்கமாகி, பிறகு முழுப் பக்கமானது.

ஆளைப் பார்த்தால் இவ்வளவு விஷயம் தெரிந்தவர் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருப்பார். கேன்டீனில் டீக்கு வரிசையில் நிற்கும்போதே பாடம் ஆரம்பித்துவிடும். எங்கோ கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் இரண்டு கருந்துளைகள் மோதியதில் அண்டவெளியே நடுங்கி, அந்த நடுக்கம் இப்போதுதான் நம்மைக் கடந்து போனது என்பார். சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோத் துகள்கள் நம் கட்டைவிரல் நகம் வழியாக மட்டும் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் கோடி போய்க்கொண்டிருக்கின்றன என்பார். கேன்டீன் நடத்தும் அக்கா, அந்தத் துகள்களைப் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றாள் ஒருநாள். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அந்த வாரக் கட்டுரையை அதை வைத்தே ஆரம்பித்தார்.

அவர் எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் ஒரு பத்தி இருக்கும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், மனிதர்களிடமா விலங்குகளிடமா, வேறு யாராவது செய்து பார்த்தார்களா, இன்னும் தெரியாதது என்ன என்று அதில் சொல்லிவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் கடிவாளப் பத்தி. கண்டுபிடிப்பு என்பது குதிரை, கடிவாளம் இல்லாமல் அதைத் தெருவில் விடக் கூடாது என்பார். வானத்துச் செய்திக்கும் போடுவார். தொலைநோக்கியில் தெரிந்தது கோள்தானா, வெறும் தூசியா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்று முடிப்பார். படிக்கிறவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடாதா என்று ஒருமுறை கேட்டேன். ஆகட்டும் என்றார்.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. பத்திரிகைச் செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும், போகப் போகக் குறைந்துகொண்டே வரும். இடம் பற்றவில்லையென்றால் கீழே இருந்து வெட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஊர்ச் செய்தி, விளையாட்டுச் செய்தி எதற்கும் இது பொருந்தும். ஆனால் இவர் ஒருவர்தான் மிக முக்கியமானதைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறவர்.

வெட்டுவதற்கு முன் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது அலுவலக விதி. அவரைக் கூப்பிட்டால் தொலைந்தோம். மூச்சு வாங்க மாடியேறி வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஒரு சொல்லை எடுத்து, நடுவில் இரண்டைச் சேர்த்து, எழுத்தெழுத்தாக எண்ணி, கடிவாளத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். முழுசாக நாற்பது நிமிடம் போய்விடும். சண்டையும் போடுவோம். "சார், ஒரு வரி கொறஞ்சா நட்சத்திரம் வந்து கேஸ் போடாது" என்பேன். பாதி நாள் சிரித்துக்கொண்டே போவார், பாதி நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்.

கூப்பிட்ட நாட்களின் கதை இது. கூப்பிடாமல் வெட்டிய நாட்களும் இருந்தன. அவருக்கு அது தெரியாது. அச்சான தன் எழுத்தை அவர் படிக்கவே மாட்டார். ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் மூன்று நாள் சாப்பாடு இறங்காது என்று, பத்திரிகையை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கி வைத்துவிடுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தப் புதன்கிழமை உடம்புப் பகுதியில் வந்த செய்தி வலிப்பு நோயைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட சிவப்பு ஒளியைத் தினமும் கொஞ்ச நேரம் காட்டினால் வலிப்பு அடங்குகிறது என்று எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தார்கள். 'சிவப்பு ஒளியில் அடங்கும் வலிப்பு' என்று தலைப்பு வைத்தது நான். பக்கம் முடிந்து, எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டும்போது, மெத்தை விளம்பரம் ஒன்று சொன்ன அளவைவிடப் பெரிதாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வரி குறைக்க வேண்டும். அவர் கீழ்த்தளத்தில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். ஜன்னலில் பார்த்தேன், இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கீழே இருந்து வெட்டினேன். அப்படியும் இடம் பற்றவில்லை என்று எலிக் கூண்டின் படத்தையும் எடுத்தேன். எலி என்ற சொல் அந்தப் படத்தின் கீழே ஒருமுறை, கடைசிப் பத்தியில் ஒருமுறை, ஆக இரண்டே இடத்தில்தான் இருந்தது. வெட்டுவதற்கு முன் மூலத்தை நகலெடுத்து வைக்க வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. அதையும் நான் எந்தக் காலத்திலும் செய்ததில்லை. வெட்டியதை அவர் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டுக் கிளம்பினேன். மழை பெய்யவே இல்லை.

கேன்டீன் அக்காவுக்கு ஒரு மகள், இருபத்திரண்டு வயது. துணி வெளுத்துத் தேய்த்துத் தரும் நிலையம் ஒன்றில் இஸ்திரி போடும் வேலை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, மாத்திரையில் ஐந்து வருடமாக வராமல் இருந்தது. ஆனால் அந்த மாத்திரையால் எப்போதும் தூக்கம், உடம்பும் ஊதிக்கொண்டே போகிறது என்று அவளுக்கு ஒரே புலம்பல். அம்மாவின் கேன்டீனில் டம்ளர் கழுவ வரும்போதெல்லாம் ஆய்வைப் பார்த்துப் பேசிப் பழகியவள். அவர் பக்கம் என்றால் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, ஒரு சிவப்பு பல்பை வாங்கி மாட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து, கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியின் மேல் கை மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் செய்ததைப் பின்னால் ஆசிரியரிடம் சொல்லி வேலையை விட்டேன், அவளிடமும் அவள் அம்மாவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவர்கள் கேட்டதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை.

கத்தரித்த துண்டை எடுத்துக்கொண்டு அக்கா ஆசிரியர் அறைக்கு வந்த அன்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ஆய்வு அதை வாங்கி நின்றபடியே படித்தார். அச்சான தன் எழுத்தை அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரிக்கு வந்ததும் துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கடைசிப் பத்தி எங்கம்மா? நீ எடுத்தியா?"

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முந்தானை நனைந்திருந்தது.

"இல்ல சார். நீங்க குடுத்ததே அவ்வளவுதான்."

நெஞ்சறியச் சொன்ன பொய். கணினியைத் திறந்து பார்த்தார்கள். கோப்பில் நான் வெட்டியது மட்டும்தான் இருந்தது. அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். என்மேல் சந்தேகம் என்று ஒன்று அவருக்கு வரவே இல்லை. வெட்டினால் சண்டைக்காவது கூப்பிடுகிறவள் நான் என்று நம்பினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, நான்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அங்கேயே நின்றேன். இன்றைக்கும் அந்த அறையை நினைத்தால் கூசிப்போகிறது.

அடுத்த வியாழக்கிழமை தன் பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்குக் கட்டம் போட்டதும் நான்தான். ஒரு வரிகூட வெட்டவில்லை. அதோடு பக்கத்தை விட்டுவிட்டார். மறதி வந்துவிட்டது, இனி என்னை நம்பி எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். விரல் மடங்காத அந்தப் பெண்ணை ஞாயிறுதோறும் மனைவியோடு போய்ப் பார்த்து, இடது கையால் எழுதப் பழக்கினார் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் அது வேறு விதமாக ஓடியது. யாராவது குடையையோ சாப்பாட்டு டப்பாவையோ மறந்து வைத்துவிட்டால், "என்ன, ஆய்வாயிட்டியா?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது கவனிப்பார்களோ என்ற பயம்.

ஏழு மாதம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரு உதவி வேண்டும், சனிக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். போகாமல் இருக்க ஆயிரம் சாக்கு யோசித்தேன். கடைசியில் அரை டஜன் ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டாவது மாடியில் வீடு. அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவி மழலையர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் டீச்சர். ஆய்வு இளைத்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. அறை முழுக்கப் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறையும் படிக்காததை இந்த ஏழு மாதத்தில் முதல் இதழிலிருந்து படித்து முடித்துவிட்டாராம்.

ஒரு நீளமான நோட்டை என் முன்னால் வைத்தார். கோடு போட்டு, தேதி, செய்தி, விட்டுப்போனது என்று மூன்று பகுதியாக எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தோரு தேதி. நாற்பத்தொன்றிலும் கடைசிப் பத்தி இல்லை. டாக்டரால் சோதித்துப் பார்த்தும் திட்டமாக எதுவும் சொல்ல முடியவில்லை, வியாதி எப்போது தொடங்கியது என்று அவருக்கும் தெரியவில்லை, அதனால் தானே தேடிக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"பதினோரு வருஷமா இருக்கும்மா இந்த மறதி. எனக்குத் தெரியவே இல்ல."

நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம். முதல் தேதி, நான் சேர்ந்த மூன்றாவது வாரம்.

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு தேதியும் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்று பல்பொடி விளம்பரம் பெரிதாக வந்த நாள். ஒன்று படம் அகலமாகப் போய்விட்ட நாள். புதிதாகக் கண்டுபிடித்த கோளில் நீர் இருக்கிறது என்ற செய்திக்கு, இருக்கலாம் என்ற பத்தியை வெட்டியது நான் தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிய நாள். அவர் எழுத்து கோணல்மாணல் இல்லாமல், ஆய்வகக் குறிப்பேடு மாதிரி இருந்தது.

எதற்காகக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் சொன்னார். மறதி நோயை ஆராயும் மருத்துவக் குழு ஒன்று இருக்கிறது. நோய் வெளியே தெரிவதற்கு எத்தனை வருடம் முன்பே மூளையில் தொடங்குகிறது என்று பார்க்கிறார்களாம். வாரந்தவறாமல் பத்தொன்பது வருடம் எழுதியவன் வேறு யாரும் அவர்களுக்குக் கிடைக்க மாட்டான், அதனால் இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன் என்றார். தன் மூளை கெட்டுப்போனது ஆய்வுக்காவது உதவட்டும் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"நீதான் பக்கத்தோட கூடவே இருந்தவ. ஒரு தடவ சரி பாத்துக் குடும்மா. தப்பான தகவல் ஆய்வுக்குள்ள போயிடக் கூடாது."

சரியாக இருக்கிறது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். உண்மையைச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் முதலில் வாயெடுத்தேன். ஆனால் அவர் பேனா மூடியைத் திருகித் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் எந்தத் தேதியில் விரலை வைக்கிறேனோ அதைத் திருத்துவதற்காக.

"சார், இதெல்லாம் நான் வெட்டினது."

அவருக்குப் புரியவில்லை. எந்தத் தேதி என்று கேட்டார். எல்லாம் என்றேன்.

"நாப்பத்தொண்ணுமா?"

"நாப்பத்தொண்ணும். உங்களக் கூப்பிடாம வெட்டினேன். வலிப்புச் செய்தியும் நான்தான். அன்னிக்கு ஆசிரியர் ரூம்ல பொய் சொன்னேன்."

அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். வெளியே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். இரண்டுக்கும் தயாராகத்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ரொம்ப மெதுவாக, அந்த வலிப்புச் செய்தியின் கடைசிப் பத்தியில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடம். ஏழு மாதமாகத் தூங்கவிடாமல் பண்ணிய வரிகள்.

"இவை எலிகளிடம் மட்டும் பார்த்த முடிவுகள். மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள்..."

"...அதை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது," என்று அவர் முடித்தார்.

அவருக்கு ஞாபகம் இருந்தது. அச்சில் பார்க்காத வரி, கணினியில் அழிந்துபோன வரி, அவர் தலைக்குள் அப்படியே இருந்தது. மறுபடி ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "டீச்சர், நான் எழுதியிருக்கேன், எனக்கு மறதி இல்ல" என்று கூப்பிட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா."

இதைவிடக் கேவலமான வார்த்தையை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை. அவருக்கு என்மேல் கோபம் வர இன்னும் நேரமாகும், அதற்கு முன்னால் அவருக்குத் தன் தலையைத் திரும்பப் பெற்ற சந்தோஷம் இருந்தது. நோட்டை எடுத்து, நாற்பத்தோரு தேதிக்கும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். அந்தக் குழுவுக்கு இன்றே எழுதி, நோட்டு வராது என்று சொல்லிவிட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாளைக்கு நாம் இரண்டு பேரும் போகலாம், நீயே சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

டீச்சர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் திட்டவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு, கணவர் காதில் விழாதபடி சொன்னார்.

"வெளிய போனா வழி மறந்து எங்கயாவது போயிடுவாரோன்னு பயம்மா எனக்கு. ஏழு மாசமா நான் கடைக்குப் போறப்பல்லாம் அவர உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். ஒரு நாள்கூட ஏன்னு அவரு கேக்கல."